கிளினிக் விரதம்

போன மாதம் ஒரு புதன்கிழமை தர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய இரண்டு வருடம் என்னோடு கண் பிரிவில் வேலை செய்த இளம் தாதி அவள். குரலில் பாதி பெருமை, பாதி அழுகை.

"மிஸ், புது மெஷின் வந்திருக்கு. சொட்டு மருந்துகூட வேணாம். தாடைய வச்சா போதும், கண்ணோட பின்பக்கத்தை அப்படியே படம் புடிச்சிக் காட்டுது. நேத்து ஹல்துமுல்லைப் பக்கம் தோட்டத்துக்குக் கொண்டு போனோம். லிஸ்டுல சீனி நோய்க்காரங்க அறுபது பேர். வந்தது ஏழு பேர்."

"மத்தவங்க?"

"கொழுந்தெடுக்கப் போயிட்டாங்க. கேட்டா, கண்ணு நல்லாத்தானே தெரியுது, ரிப்போர்ட்டும் நல்லாத்தானே இருக்குங்கிறாங்க. நீங்க என்னா சொல்லி மிஸ் கூப்பிட்டீங்க?"

அடுத்த நாள் எனக்கே கிளினிக். நான்கு வருடமாக எனக்கும் சீனி நோய். இரண்டு நாளாகச் சோற்றைத் தொடாமல் கீரையும் பால், சீனி இல்லாத வெறுஞ்சாயமுமாக இருந்ததில் எனக்கு எரிச்சல் மூக்கின் மேல் நின்றது. "நான் சொல்லி ஒரு ஆளும் வரலடி, போனை வை" என்று வெட்டிவிட்டேன். பிறகு மனது கேட்கவில்லை. ஆனால் சொன்னது உண்மைதான். என் வாயால் யாரும் வரவில்லை. யார் வாயால் வந்தார்கள் என்பதை எழுதி அனுப்பலாம் என்று கொப்பியை எடுத்தேன்.

நான் பிறந்தது வெலிமடைப் பக்கத்தில் ஒரு தோட்ட லயத்து வரிசை வீட்டில். அப்பாவுக்குத் தேயிலை அரைக்கும் ஸ்டோரில் வேலை. எங்கள் பிரிவிலிருந்து தாதியர் பயிற்சிக்குப் போன முதல் பெண் நான்தான். வெள்ளை உடுப்போடு முதல் முறை வீட்டுக்கு வந்தபோது லயமே வாசலில் நின்றது. பிரசவ வார்டு, சத்திர சிகிச்சை வார்டு என்று ஓடிய வருடங்களைப் பற்றிச் சொல்ல இங்கே இடமில்லை. நாற்பத்தைந்து வயதில் கண் பிரிவுக்கு மாற்றினார்கள். ஏதோ தண்டனை என்று நினைத்து ஒரு வாரம் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கண்ணில் என்ன பெரிய நோய், சொட்டு மருந்து விடுவதற்கு நானா என்று எனக்கு அவ்வளவு மண்டைக்கனம்.

அதை இறக்கி வைத்தவர் எங்கள் டொக்டர். யாழ்ப்பாணத்துக்காரர். மெலிந்த உருவம், மெதுவான பேச்சு. நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கண்ணுக்குள் பார்ப்பார் என்பதால் தோட்டத்துச் சனம் அவருக்கு 'லைட்டு ஐயா' என்று பேர் வைத்திருந்தது. அது அவர் காதுக்கும் எட்டியது. "நல்ல பேர்தானே" என்று சிரித்தார்.

மாதம் இரண்டு முறை தோட்டங்களுக்குப் போவோம். அவருடைய முறைகள் முதலில் எனக்குக் கேலியாக இருந்தன. மலைக்குளிரில் சொட்டு மருந்து ஐஸாக இருக்கும். போத்தலை உள்ளங்கையில் மூடி வைத்துச் சூடாக்கிய பிறகுதான் விடுவார். ஒரு சொட்டு, கால் மணி நேரம், இன்னொரு சொட்டு. கண்பாவை நன்றாக விரியும்வரை விளக்கைத் தொட மாட்டார். காத்திருக்கிறவர்களுக்குச் சாயத்தண்ணி கொடுக்க வேண்டும், சீனி இல்லாமல். முக்கியமான விஷயம், கண்ணைப் பார்க்கும் முன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வி கேட்பார்.

"இந்தக் கண் உங்களுக்கு என்ன வேலை செய்யுது அம்மா? ஆகவும் நுணுக்கமான வேலை எது?"

ஒருவர் அரிசியில் கல் பொறுக்குவதைச் சொல்வார், ஒருவர் கத்தி தீட்டுவதை. அதை அவரவர் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில் என்னை எழுதச் சொல்வார். கொழுந்து நிறுக்கிற தராசின் முள்ளைப் பார்ப்பது என்று ஒரு கிழவர் சொன்னதையும் நான் எழுதினேன். இதெல்லாம் எதற்கு என்று ஒரு நாள் கேட்டேன்.

"ஆருக்கும் விழித்திரை தேவையில்லை, மிஸ். அவையளுக்குப் பேன் பார்க்கிறதுதான் தேவை. நாங்கள் காப்பாத்துறது அதை."

நோய் தொடக்கத்திலேயே அகப்பட்டால், விளக்கைக் கழற்றிவிட்டு அவர் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "நல்ல நேரத்தில வந்திருக்கிறீங்கள்." அந்தக் குரலைக் கேட்டால் நோய் வந்ததே ஏதோ கெட்டிக்காரத்தனம் என்று தோன்றும். நான் அவரிடம் கற்றதில் அந்த வார்த்தையைத்தான் தர்ஷினிக்கும் கொடுத்தேன்.

சனத்தைக் கூப்பிடும் பொறுப்பு என்னுடையது. காலையில் பெரட்டுக்குப் போவேன். வேலைக்குப் பேர் கொடுக்க ஆட்கள் கூடும் இடம் அது. ஒரே இடத்தில் எல்லோரையும் பிடிக்கலாம். சிவந்து வீங்கிய கண் படம் போட்ட பெரிய அட்டையைத் தூக்கிக்கொண்டு, "சீனி நோய் கண்ணைத் தின்னுடும், பாத்துக்குங்க" என்று கத்துவேன். பெண்கள் படத்தைப் பார்த்து "ஐயோ" என்பார்கள், கூடையை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறிவிடுவார்கள். "வெருண்ட சனம் ஓடும், வராது" என்று டொக்டர் சொன்னார். கேட்கிற ஆளா நான்?

பயமுறுத்தல் பலிக்காததால் பாராட்டலுக்கு மாறினேன். அங்கேதான் பாக்கியக்கா வருகிறார்.

ஹல்துமுல்லைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் பாக்கியக்காவைத் தெரியாதவர் இல்லை. ஐம்பதைத் தொடும் வயது, கட்டையான உருவம், மலையின் அந்தக் கரை வரைக்கும் கேட்கும் குரல். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. வீட்டில் சுமதி என்று பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். கொழுந்து நிறையில் பாக்கியக்காவை அடிக்க ஆள் கிடையாது. டொக்டரின் கேள்விக்கு அவர் சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது.

"எம்மக தலையில ஈரு எடுக்கிறேங்க. பேனு எல்லாரும் எடுப்பாங்க. ஈரு எடுக்கத்தான் கண்ணு வேணும்."

சீனி அளவு எழுதும் அவருடைய கிளினிக் கொப்பியும் அப்படித்தான், ஒவ்வொரு கிளினிக்கிலும் அழகான எண்கள். ஒரு காலை பெரட்டில் அந்தக் கொப்பியை உயர்த்திப் பிடித்து, "பாருங்க, இப்படி இருக்கணும்! பாக்கியக்காவுக்குக் கை தட்டுங்க" என்றேன். கங்காணிகூடத் தட்டினார். பாக்கியக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு வெட்கப்பட்டார்.

நான் செய்த பெரிய பிழையை இப்போது சொல்லிவிட வேண்டும். ஒரு நாளில் டொக்டரால் இருபது பேரின் கண்களைத்தான் விரித்துப் பார்க்க முடியும். இருபது சீட்டு. யாருக்கு என்பதை நான் தீர்மானிப்பேன். சீனி கூடியவர்களுக்கு முதலிடம் கொடுத்தேன். பாக்கியக்கா சீட்டுக்குக் கை நீட்டியபோது, "ஒங்களுக்கு என்னாங்க அவசரம், ஒங்க கொப்பிதான் தங்கமா இருக்கே, அடுத்த முறை பாப்போம்" என்று அனுப்பினேன். ஒரு முறை இல்லை, மூன்று முறை. சீனி எத்தனை வருடமாக இருக்கிறதோ அத்தனைக்கு அத்தனை கண்ணைப் பார்க்க வேண்டும், எண் நன்றாக இருந்தாலும் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்பினேன்.

அடுத்த வருடம் மழைக்காலத்தில் ஒரு நாள், நாங்கள் மேசை போட்டிருந்த பிள்ளைக்காம்பராவுக்கு அவர் கூடையோடே வந்தார். வேலைக்குப் போகிற பெண்கள் குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் அறை அது.

"மிஸ், எடது கண்ணுக்குள்ள கருப்பா நூலு தொங்குது. தொடச்சாலும் போக மாட்டேங்குது."

"எப்பருந்து?"

"பத்து நாளா. வலி ஒண்ணும் இல்லீங்க. அதான் வரல."

டொக்டர் போத்தலைக் கையில் சூடாக்கினார். சொட்டு விட்டார், காத்திருந்தார், மறுபடி விட்டார். விளக்கைக் கட்டி, வில்லையைப் பிடித்து முதலில் இடது கண்ணைப் பார்த்தார். மேலே பாருங்கோ, கீழே பாருங்கோ, மூக்கைப் பாருங்கோ. வழக்கத்தைவிட நேரம் எடுத்தது. பிறகு வலது கண். அதற்கு இன்னும் அதிக நேரம். விளக்கைக் கழற்றிய பிறகு நான் அந்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். அவர் அதைச் சொல்லவில்லை. பாக்கியக்காவின் கொப்பியை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"கொப்பியும் கண்ணும் சண்டை பிடிக்குது, அம்மா. கண்ணைப் பார்த்தால் கனகாலமாச் சீனி கட்டுப்பாட்டில இல்லை. கொப்பியைப் பார்த்தால் ஒரு குறையும் இல்லை. நான் எதை நம்பட்டும்?"

பாக்கியக்கா என் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு தலை நிமிரவில்லை.

"மூணு நாளைக்கு முன்னக்கூட்டியே ரொட்டிய விட்டுருவேங்க. சோறும் இல்ல. பாவக்கா தண்ணியும் கீரையும்தான். மருந்துக் குளிச மட்டும் நேரந்தவறாமப் போடுவேன். கிளினிக் முடிஞ்சா பழையபடிதான். நான் மட்டும் இல்லீங்க, லயத்துல எல்லாருமே அப்படித்தான். கிளினிக் விரதம்னு சொல்லுவோம். கெட்ட நம்பரோட மிஸ் முன்னால எப்படிங்க வந்து நிக்கிறது? மிஸ் கை தட்டச் சொன்னதுக்கப்புறம் எனக்கு இன்னும் பயமாப் போச்சு. மூணு நாள அஞ்சு நாளாக்கிட்டேன்."

அவர் ஏமாற்ற நினைத்து அதைச் செய்யவில்லை. கோயிலுக்குப் போகும்போது குளித்துவிட்டுப் போவதுபோல, எங்களுக்கு மரியாதை செய்வதாக நினைத்துத்தான் விரதம் இருந்தார். எங்கள் சனத்துக்கு மட்டும் வரக்கூடிய பிழை அது. அதற்குக் கை தட்டியவள் நான்.

அவரை வெளியே உட்கார வைத்துவிட்டு, மூன்று முறை சீட்டு மறுத்ததை டொக்டரிடம் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"இடது கண்ணுக்குள்ள இரத்தம் கசிஞ்சு நிறைஞ்சு போச்சு. அதில என்ன மிஞ்சும் எண்டு எனக்குத் தெரியாது. வலது கண்ணிலயும் கெட்ட குழாய்கள் முளைக்கத் தொடங்கீட்டுது. ஆனால் அதைப் பிடிச்சு வைக்கலாம், லேசர் உடனே அடிச்சால். அழுறதெண்டால் பிறகு அழும். முதல்ல மற்றக் கண்ணைப் பாரும். அவவோட நீரும் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குப் போம்."

அவர் என்னை 'நீர்' என்று, ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவில், கூப்பிட்டது அன்றைக்கு மட்டும்தான்.

பாக்கியக்கா லேசருக்கு உடனே சம்மதிக்கவில்லை. மூன்று முறை பதுளைக்குப் போய்வர வேண்டும். கொழுந்து பொங்கி வரும் காலம். கண்ணில் நெருப்பு வைத்தால் இருக்கிறதும் போய்விடும் என்று பெரகல சந்திக் கடையில் யாரோ சொல்லியிருந்தார்கள். டொக்டர் அவருடைய கொப்பியின் முதல் பக்கத்தைத் திருப்பி, நான் எழுதியிருந்த வரியைப் படித்தார். "மகளின்ர தலையில ஈர் எடுக்கிறது. இந்த வேலையை வலது கண் இன்னும் இருபது வருசம் செய்ய வேணும் அம்மா. அதுக்குத்தான் கூப்பிடுறன்." பாக்கியக்கா கொப்பியை வாங்கி மூடினார். பிறகு, "எத்தன மணி பஸ்ஸுங்க?" என்று கேட்டார்.

மூன்று முறையும் பெரகல சந்தியில் காத்திருந்து நான்தான் அவரைப் பதுளை பஸ்ஸில் ஏற்றினேன். லேசர் மெஷினில் தாடையை வைத்து, நெற்றியைப் பட்டியோடு ஒட்ட வேண்டும். மரக்கச் செய்யும் சொட்டு விட்டு, கண்ணின் மேல் ஒரு வில்லையை வைப்பார்கள். அதன் பிறகு பச்சை வெளிச்சம், ஒன்றன்பின் ஒன்றாக, நூற்றுக்கணக்கில். சிலது தெரியாது, சிலது சுள்ளென்று மண்டைக்குள் இறங்கும். தலை ஒரு நூலிழை அசைந்தாலும் சூடு வேறு இடத்தில் விழும். நான் பின்னால் நின்று அவர் தலையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தேன். "மிஸ், கையை ஆட்டாதீங்க, நான் ஆடல" என்றார் அவர். அந்தப் பெண்ணின் தைரியத்துக்கு முன் என் படிப்பு எல்லாம் கால் தூசி.

பிறகு இடது கண்ணுக்கு ஒரு சத்திர சிகிச்சையும் நடந்தது. ஆனாலும் நிழலாட்டம் தெரிவதைத் தவிர எதுவும் திரும்பவில்லை. வலது கண் தப்பியது.

மூன்றாவது லேசர் முடிந்து திரும்பும்போது, பஸ்ஸில் பாக்கியக்கா கேட்டார்: "அடுத்த தடவ பெரட்டுல நீங்க பேசாதீங்க மிஸ். நான் பேசட்டா?"

பேசினார். நான் படம் போட்ட அட்டையைக் கொண்டு போகவில்லை. அவர் கங்காணி நிற்கிற கல்லின் மேல் ஏறி நின்று, தன் கொப்பியை உயர்த்திப் பிடித்தார்.

"இதப் பாத்துத்தானே எல்லாரும் கை தட்டுனீங்க? இது பொய்க் கொப்பி. ஒங்க வீட்டுல இருக்கிறதும் பொய்க் கொப்பிதான், எனக்குத் தெரியாதா? நம்ம விரதம் டொக்டர ஏமாத்தும், கண்ண ஏமாத்தாது."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, உடனே நின்றது.

"வலிக்கலியே, அப்புறம் எதுக்குப் போகணும்னு கேக்குறீங்க. மழைல மலைக்குப் போறோம். அட்ட கடிச்சா வலிக்குதா? ரத்தம் வழிஞ்சி காலு நனைஞ்சப்புறம்தானே குனிஞ்சி பாக்குறோம்? இதுவும் அட்டதான். கண்ணுக்குள்ள ஒக்காந்திருக்கு. காலுல இருந்தா நீங்களே பிச்சிப் போட்டுருவீங்க. கண்ணுக்குள்ள இருக்கிறத லைட்டு ஐயாதான் பாக்கணும்."

இத்தனை வருடம் நான் அட்டை கடிக்கிற மண்ணில் பிறந்து, அட்டை கடிக்கிற மலைக்கு ஏறி இறங்கி, இது என் புத்திக்கு எட்டவில்லை.

"இப்ப எல்லாரும் ஒத்தக் கண்ணப் பொத்துங்க. என் சேல என்னா கலருன்னு சொல்லுங்க. ம், இப்ப அடுத்த கண்ணு."

பெண்கள் விளையாட்டாகப் பொத்தினார்கள். பச்ச, பச்ச என்று குரல்கள். கங்காணியும் சும்மா நின்றவர் வலது கண்ணைப் பொத்தினார். கையை எடுத்தார், மறுபடி பொத்தினார். காலையிலிருந்து ஊரையே அதட்டிக்கொண்டிருந்த மனிதர், "யாரு... பாக்கியமா அங்க நிக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்வரை ஒன்று போனது மற்றதுக்குத் தெரியாது. அவருக்கும் அன்றுதான் தெரிந்தது.

அதற்குப் பிறகு, இருபது சீட்டு எனக்குப் போதவில்லை. டொக்டர் அன்று மாலைப் பஸ்ஸைத் தவறவிட்டார். அந்த நாளில் 'நல்ல நேரத்தில வந்திருக்கிறீங்கள்' என்று எத்தனை முறை சொன்னார் என்று நான் எண்ணவில்லை. கங்காணிக்கு மட்டும் அவர் வேறு விதமாகச் சொல்ல வேண்டியிருந்தது, ஆனால் அவருடைய மற்றக் கண்ணும் தப்பியது. சீட்டு கொடுக்கும் முறையையும் மாற்றினோம்: நோய் எத்தனை வருடம் என்பதுதான் கணக்கு, கொப்பியின் எண் இல்லை. மூன்று மாதச் சீனியைச் சேர்த்துக் காட்டும் இரத்தப் பரிசோதனையையும் டொக்டர் எழுதத் தொடங்கினார். அதற்கு எந்த விரதமும் பலிக்காது.

இதையெல்லாம் எழுதி முடித்தபோது, தர்ஷினிக்கு வேண்டியது என் எழுத்து இல்லை என்று தோன்றியது. அவளைக் கூப்பிட்டு, "பாக்கியக்கா இருக்கிற அந்தத் தோட்டத்துக்கே மெஷினைக் கொண்டு வா, நானும் வாறேன்" என்றேன்.

பாக்கியக்கா இப்போது மலைக்குப் போவதில்லை. பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறார். முன்பு மேசை போட்ட அதே இடத்தில் தர்ஷினி மெஷினை வைத்தாள். வாசலில் பெண்கள் தயங்கித் தயங்கி நின்றார்கள். ஓய்வு பெற்றுவிட்ட அந்தக் கங்காணியும் நின்றார். பாக்கியக்கா யாரும் கூப்பிடாமலே போய் முதல் ஆளாகத் தாடையை வைத்தார். திரையில் அவர் வலது கண் வந்தது. சுற்றிவரப் பழைய லேசர் தழும்புகள், புதுக்கன்று நட்ட மலை மாதிரி வரிசை வரிசையாக. நடுவில் சுத்தமாக இருந்தது. "இதாலதான் இன்னும் இந்தப் புள்ளைங்க தலையில ஈரு எடுக்கிறேன்" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். பிறகு எழுந்து, நாற்காலியைத் தட்டினார்.

"இப்ப நீங்க ஒக்காருங்க மிஸ்."

"எனக்கென்னாத்துக்கு? போன கிழமதான் கிளினிக் போனேன். ரிப்போர்ட் நல்லாத்தான் இருக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் என் குரல் விழுந்தது. பாக்கியக்கா ஒற்றைக் கண்ணால் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"எத்தன நாள் விரதம்?"

பொய் சொல்ல வாய் வந்தது. வாசலில் நின்ற பெண்களைப் பார்த்தேன்.

"ரெண்டு நாள்" என்றேன்.

பிள்ளைக்காம்பராவே சிரித்தது, தூங்கிக்கொண்டிருந்த ஒரு குழந்தை எழுந்து அழுதது. நாலு வருடம் சீனியோடு இருந்தும், ஆயிரம் பேரைக் கண் காட்டச் சொன்ன நான் என் கண்ணை ஒரு நாளும் யாரிடமும் காட்டியதில்லை. உட்கார்ந்து தாடையை வைத்தேன். பாக்கியக்கா பின்னால் வந்து என் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். இந்த மெஷினுக்கு அது தேவையே இல்லை, ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"இந்தக் கண்ணு என்னா வேல செய்யுது?" என்று கேட்டார்.

"எழுதுது" என்றேன்.

வெளிச்சம் ஒரு முறை மின்னியது. தர்ஷினி திரையைப் பார்த்தாள். இரண்டு மூன்று சிறிய சிவப்புப் புள்ளிகள்; எனக்கே தெரிந்தது, அவள் சொல்ல வேண்டியதில்லை. அவள் என் தோளில் கை வைத்தாள்.

"நல்ல நேரத்துல வந்திருக்கீங்க மிஸ்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். எனக்குப் பின்னால் கங்காணி நின்றார். அவருக்குப் பின்னால் வாசலைத் தாண்டி வரிசை போயிருந்தது.